மாத்திரை வாங்கிக் கொடுத்த பட்டம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே என் ரத்தப் புற்றுநோய் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை முழுதாகப் படித்தவனும் நான்தான். கண் வீங்கும், குமட்டும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், முகத்தில் நீர் கோக்கும் என்று அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நோயே தேவலாம் போலருக்கே," என்றார்.

தினம் ஒன்று, எத்தனை வருஷத்துக்கு என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லவில்லை. "போட்டுக்கிட்டே இருங்க, நல்லா இருப்பீங்க" என்றார். நன்றாகத்தான் இருந்தேன். காகிதத்தில் இருந்தவையும் ஒன்று விடாமல் வந்தன. எந்தப் பரீட்சையிலும் பாடத்திட்டம் அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

ஊர் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. காலையில் என் கண்கள் பணியாரம் போல உப்பியிருக்கும். குடவாசல் பஸ்ஸுக்கு நிற்கும்போது வேலியோரம் குனிந்து வாந்தி எடுப்பேன். ஒருநாள் வரப்பில் நடக்கையில் கால் பிடித்துக்கொள்ள, காலை பத்து மணிக்கு நாற்றங்காலில் உட்கார்ந்துவிட்டேன். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தூக்கிவிட்டார்கள்.

"படிச்ச புள்ள, காலையிலயேவா?" என்றார் ஒருவர்.

"படிச்சதாலதான் காலையிலயே. நம்ம வீட்டு ஆளுங்க வேலைய முடிச்சுட்டுல்ல குடிக்கிறாங்க," என்றார் மற்றவர்.

வீட்டுக்கு வந்து குமுறினேன். அம்மா அசையவில்லை.

"நெனைச்சுட்டுப் போகட்டும். தங்கச்சிக்கு வரன் பாக்குறோம். அண்ணன் குடிக்கிறான்னா, எந்த வீட்லடா இல்லம்பாங்க. ரத்தத்துல நோவுன்னா, பொண்ணுக்கும் இருக்குமோன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"இது அப்படி வர்ற நோய் இல்லன்னு டாக்டரே சொன்னாரும்மா."

"டாக்டரா பொண்ணு கட்டப் போறாரு?"

அன்றிலிருந்து என் கெட்ட பெயருக்கு அம்மா தண்ணீர் பாய்ச்சி உரம் போட்டார். ரேஷன் கடை வரிசையில் யாராவது விசாரித்தால் மறுக்க மாட்டார். "சேர்க்கை சரியில்ல," என்று ஒரு பெருமூச்சு.

குத்தாலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். கேசரி முடிந்ததும் அவரும் தங்கையும் தனியாகப் பேசப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் என் தோளைத் தொட்டார்.

"வா மாப்ள, தோட்டத்தப் பாத்துட்டு வருவோம்."

தோட்டத்தில் அவர் பார்த்தது போர்வெல் மோட்டார் கொட்டகையின் பின்பக்கத்தை மட்டும்தான். மடியிலிருந்து ஒரு குவாட்டரும் இரண்டு காகிதக் கப்பும் வெளிவந்தன.

"கண்ணப் பாத்ததுமே நம்ம ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு."

"நான் குடிக்கிறதில்லைங்க."

"பொண்ணு வீட்டுக்காரன் அப்படித்தான் சொல்லணும். புடி."

கப் என் கைக்கு வந்துவிட்டது. உள்ளே தங்கையின் வாழ்க்கை இந்தப் பொய்யின் மேல் முடிவாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு ரத்தப் புற்றுநோய்ங்க. மாத்திரை சாப்பிடுறேன். அதான் மூஞ்சி இப்படி இருக்கு."

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

"நானும் வீட்ல அல்சரு, மஞ்சக்காமாலைன்னு என்னென்னவோ சொல்லிப் பாத்திருக்கேன். இது எனக்குத் தோணாமப் போச்சே!"

கொட்டகையைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கப்பைப் பார்த்தார்.

"உங்க தங்கச்சி எல்லாத்தையும் சொன்னாங்க. நோவு, மாத்திரை, தஞ்சாவூரு. நீங்க குடிக்கவே மாட்டீங்கன்னும் சொன்னாங்க."

கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதுவும் குடிகாரனுக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

"எங்கப்பா குடிச்சேதான் செத்தாரு," என்றார். "அண்ணன் குடிகாரன்னு உங்க ஊர்ல சொன்னாங்க. எங்கம்மா பேச்சுக்காகத்தான் வந்தேன். வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

கப்பை வாழையடியில் கவிழ்த்தேன். மடை உடைந்ததைப் பார்ப்பதுபோல் தாய்மாமன் "அய்யய்யோ" என்றார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். பின்பக்கத்து எழுத்தையெல்லாம் நிதானமாகப் படித்தார்.

"தினம் ஒண்ணா?"

"ஆமாங்க. வயிறு நெறையச் சாப்பிட்டுப் போடணும். இல்லன்னா குமட்டும்."

"அப்ப வாங்க, சாப்பிடுவோம்," என்று அட்டையை என் பையிலேயே வைத்தார்.

உள்ளே போய்ச் சம்மதம் சொன்னார். அண்ணனைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறேன் என்றும் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பெரிய இலையாகப் போட்டார்.

பக்கத்து இலையில் தாய்மாமன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கல்யாணத்தன்னிக்கு ஒரு தொணை கெடச்சுதுன்னு நெனச்சேன்," என்றார் என்னிடம், ரகசியமாக.