யாரும் எதுவும் கேட்காத ஒரு நாள்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் கலாராணிக்கு நாற்பத்தொன்பது வயது. பதுளை டவுனில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லாக் கேள்வியும் அவரிடம்தான். அக்கா, சீனி எங்கே? அத்தை, என் யூனிஃபோம் காயவில்லையா? அண்ணி, அடுப்புக்கு கேஸ் முடிந்ததை ஏன் சொல்லவில்லை? பள்ளிக்கு வந்தால் மிச்சத்தைப் பிள்ளைகளும் பள்ளி அதிபரும் கேட்டுத் தீர்ப்பார்கள். ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கே எரிச்சலாக வரும்.

போன போயா தினத்தன்று, பௌர்ணமி விடுமுறையில், டீச்சர் ஒரு முடிவு எடுத்தார். பதுளு ஓயாவின் ஓரமாகவே மேலே மேலே சைக்கிளில் போவது, ஒரே எட்டில் தாண்டுகிற அளவுக்கு ஆறு ஒடுங்கும் இடத்தைப் பார்ப்பது, இருட்டுவதற்குள் திரும்புவது. அதற்கென்றே ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தார். போனை வேண்டுமென்றே அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் புறப்பட்டார். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரே ஒரு நாள், அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

மலைநாட்டில் ஒரு பொம்பளை தனியாகச் சைக்கிளில் போனால் நம் சனம் சும்மா விடுமா? டவுன் எல்லையைக்கூடத் தாண்டவில்லை, பலசரக்குக் கடை பவாஸ் நானா ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன டீச்சர், பஸ் இல்லயா? வீட்ல ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்ல நானா. சும்மா போறேன்."

"சும்மாவா?" என்று அவர் இழுத்ததை டீச்சர் என்னிடம் நடித்தே காட்டினார்.

ஹாலிஎல ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோது, வெலிமடைக்கு லீக்ஸ் காய்கறி ஏற்றப் போகிற வெற்று லொறி ஒன்று பக்கத்தில் நின்றது. தன் பெயர் ரெங்கசாமி என்று டிரைவரே சொல்லிக்கொண்டான். சைக்கிளைப் பின்னால் போட்டுவிட்டு ஏறச் சொன்னான். வேண்டாம் என்றார் டீச்சர். அவன் விடவில்லை, அவர் நடக்கும் வேகத்துக்கே அரை மைல் லொறியை உருட்டிக்கொண்டு வந்தான். "யாரோட கோவம்க்கா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்." பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்த பிறகுதான் தொலைந்தான்.

தேயிலைத் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் இன்னும் மோசம். வரிசை வீடுகளிலிருந்து லயத்துக்கு லயம் ஆள் எட்டிப் பார்த்தது. எந்தத் தோட்டம்மா? யாரு வீட்டுக்கு? எழவு வீட்டுக்கா? பதினொரு பேர் கேட்டார்களாம். கணக்கு டீச்சர் அல்லவா, எண்ணியிருக்கிறார்.

மத்தியானம் கழிந்து, பாறைகளுக்கு நடுவே ஆறு ஆழமாகத் தேங்கும் ஒரு வளைவுக்கு வந்தார். சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அதுவே டீச்சருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. சைக்கிளைச் சாய்த்தார். காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றிப் பையோடு பாறைமேல் வைத்தார். தண்ணீரில் ஓர் எட்டு வைத்ததுதான் தாமதம், இரண்டு பேரும் ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்துவிட்டார்கள். ஒருத்தி இடுப்பை, ஒருத்தி பின்னலை.

"விடுங்க! கால் நனைக்கத்தான் வந்தேன்! ஒரு மனுஷி ஆத்தங்கரைக்கு வரக்கூடாதா? காலையில இருந்து ஒரே கேள்வி, ஒரே கேள்வி! உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா?" வகுப்பில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

பின்னலைப் பிடித்திருந்தவர் பெயர் பெரியாயி. அறுபது வயதிருக்கும், கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பிடியை விடாமலே சொன்னார்.

"போன பங்குனியில ஒரு புள்ள இதே மாதிரி வந்துச்சும்மா. இந்தப் பாறையிலதான் செருப்பக் கழட்டி வச்சுச்சு. நான் அங்கனதான் துவைச்சுக்கிட்டு இருந்தேன். டவுன் புள்ள மாதிரி இருக்கு, நம்ம என்னத்தக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். துணிய அலசிட்டு நிமிந்து பாத்தா, செருப்புதான் இருந்துச்சு."

டீச்சரின் கோபம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று பேரும் பாறையில் உட்கார்ந்தார்கள். பெரியாயி அப்போதும் அவர் கையைப் பிடித்தபடியே கேட்டாராம்.

"அப்ப எதுக்கும்மா தனியா வந்த?"

அதற்கு டீச்சர் பதில் சொல்லியிருக்கிறார், ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை, படுத்தால் தூக்கம் வராததை, கதவைச் சாத்திக்கொள்ளத் தனக்கென்று ஓர் அறைகூட இல்லாததை, எல்லாவற்றையும் அழுது அழுது சொல்லியிருக்கிறார். ஆறு ஒடுங்கும் இடம் இன்னும் இரண்டு மைல் மேலே இருந்தது. அதைப் பார்க்காமலே திரும்பினார்.

மறுநாள் இடைவேளையில் இதை அவர் சொல்லி முடித்தபோது, அந்தச் சனத்தின்மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் என்மேலேயே திரும்பியது. நான் நாகரிகமானவள், அடுத்தவர் விஷயத்தில் தலையிட மாட்டேன். பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்தும் ஒரு நாள்கூட நான் அவரை எதுவும் கேட்டதில்லை.