கோடிட்ட இடம்

அய்யா என் நோட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். படிப்பதற்காக அல்ல, எதையாவது எழுதி அழித்திருக்கிறேனா என்று தடம் பார்ப்பதற்காக. கடலோரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியின் விடுதியில் தங்கி நான் ஒன்பதாம் வகுப்பு படித்த காலம் அது. கமுதிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். எங்கள் அய்யா முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்வார். கணக்கு நோட்டையும் அறிவியல் நோட்டையும் தொடக்கூட மாட்டார். அவருக்கு வேண்டியது நன்னெறி நோட்டு மட்டும்தான்.

கடலாடியில் யாரோ ஒருவருடைய மகள் இப்படிப் படிக்கப் போய், பெயரையும் சாமியையும் மாற்றிக்கொண்டு திரும்பினாள் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு யாரோக்களையும் நான் இன்றுவரை பார்த்ததில்லை. அய்யாவும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் சந்தேகம் என்பது எங்கள் வீட்டில் நிலத்தோடு சேர்ந்து வந்த சொத்து. "ஒரு எழுத்து வேற மாதிரி கண்டேன், அன்னைக்கே பெட்டியத் தூக்கிருவேன். அங்கன மொளகாப் பழம் எடுக்க ஆளு இல்லாமத்தேன் கெடக்கு" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. எங்கள் ஊரில் எட்டாவதைத் தாண்டிய பெண் நான் ஒருத்திதான். பெட்டி திரும்பினால் படிப்பு முடிந்தது. மிளகாய்க் காடு, அதற்கடுத்துக் கல்யாணம் என்று வரிசை ஏற்கெனவே தயாராக இருந்தது.

அந்தப் பள்ளியில் காலை முதல் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் என்ற வேதப் பாடத்துக்காகக் கூடத்துக்குப் போவார்கள். இந்துக்களும் முஸ்லிம்களுமாக மிச்சமிருந்த நாங்கள் நன்னெறிக்குத் தையல் அறைக்குப் போவோம். கத்தோலிக்க ஆசிரியைகள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஞானோபதேசத்தில் இருப்பதால், மிச்சப் பிள்ளைகளுக்கு மிச்ச ஆசிரியை. அவர்தான் தையல் டீச்சர், கடற்கரை ஊர் முஸ்லிம் பெண். அவர் தன் மார்க்கத்தைச் சொல்லித் தருகிறாரோ என்று தலைமை சிஸ்டர் அவ்வப்போது ஜன்னலோரம் வந்து நிற்பார். சிஸ்டர்கள் எங்களை மாற்றப் பார்க்கிறார்களோ என்று எங்கள் வீட்டார் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாருடைய சந்தேகத்துக்கும் சேர்த்து தையல் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சாமி பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு போட்டுவிடுவார். நோட்டின் முதல் பக்கத்தில் நாங்கள் எழுதிய உறுதிமொழி இதுதான்: "________ சாட்சியாக நான் பொய் சொல்ல மாட்டேன்." அவரவர் வீட்டில் கும்பிடும் பெயரை அவரவர் எழுதிக்கொள்ள வேண்டும். எதை எழுதினாலும் வம்பு என்று நான் எழுதவே இல்லை.

அய்யாவை அந்தக் கோடு பாடாய்ப் படுத்திவிட்டது. "ஏத்தா, இது ஏன் சும்மா கெடக்கு? இப்பச் சும்மா விட்டுட்டு, பொறவு அவுக பேர எழுத வப்பாக. யாருகிட்டக் காது குத்துறாக?" என்று நோட்டும் கையுமாகப் புறப்பட்டார். வெள்ளை உடுப்பு சிஸ்டர் ஒருவரோடு சண்டை போடுவதற்கு வேண்டிய வசனத்தையெல்லாம் வழியிலேயே சேர்த்துவைத்திருந்தார். தையல் அறையில் முக்காடு போட்ட டீச்சர், ஞாயிறும் வந்து விடுதிப் பிள்ளைகளின் சீருடைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். "நன்னெறி எடுக்குற சிஸ்டரம்மா எங்க?" என்றார் அய்யா. "நான்தாங்க எடுக்குறேன்" என்றார் டீச்சர். சேர்த்துவைத்த வசனம் ஒன்றுக்கும் உதவவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு டீச்சர் ஒரு பென்சிலை நீட்டினார். "உங்க வீட்டுச் சாமிக்கு நான் எப்படிங்க பேரு எழுதுறது? நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

அய்யா பென்சிலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "யோசிச்சுத்தேன் எழுதணும்" என்று நோட்டை ஊருக்கே எடுத்துப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு நோட்டு வந்தது. கோடு அப்படியே இருந்தது. "சும்மாவே கெடக்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது போக வேற எதுவும் உள்ள ஏறிருக்கா? உண்மையச் சொல்லு" என்றார். "இல்லய்யா" என்றேன்.

அது பொய். தையல் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் ஜெபமாலை சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் டீச்சருக்கு உதவியாகப் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே எனக்கு அத்தனையும் மனப்பாடமாகிவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் என் உதடு முணுமுணுத்தது அதைத்தான். ஞாயிறு அன்று பஸ் தாமதமானால், அய்யா நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்றும் அதையேதான் சொன்னேன். அவர் தேடிய திருட்டு நோட்டில் இல்லை, என் வாயில் இருந்தது. அதை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. நான் படித்தேன், ஆசிரியையும் ஆனேன். பெயரும் மாறவில்லை, சாமியும் மாறவில்லை. இப்போது என் பள்ளியில் அட்டவணையில் நன்னெறி இருக்கிறது, அந்த நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அய்யா போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது, பத்திரங்களுக்கு அடியில் என் நன்னெறி நோட்டு இருந்தது. எப்போது எடுத்து வைத்தார் என்று தெரியவில்லை. முதல் பக்கத்தைத் திறந்தேன். பரம்பரைப் புத்தி சும்மா இருக்குமா, முற்றத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். கோட்டின் மேல் தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. அழுத்தி எழுதி, அதைவிட அழுத்தி அழித்த தடம். என் கையெழுத்து இல்லை. 'அய்ய' என்பது வரைக்கும் தெரிகிறது, அதற்கு மேல் தேய்ந்துவிட்டது. எங்கள் குலதெய்வம் அய்யனார். ஆனால் தன் மகள் யாருக்குப் பயப்படுவாள் என்று அய்யாவுக்குத் தெரியும். 'அய்யா' என்று தன்னையே சாட்சியாக எழுதவும் துணிந்தவர்தான் அவர்.

அய்யனார் என்றுதான் எழுத வந்திருப்பார் என்று நம்பப் பார்க்கிறேன். அய்யனாரிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.