நாளைக்குக் கல்யாணம், இன்றைக்குக் கட்டில்

மொக்கையனுக்கு பஸ்ஸில் ஜன்னலோரம்தான் வேண்டும். தல்லாகுளத்தில் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தொடையைத் தட்டித் தட்டியே சிவக்க வைத்துவிடுவார். "அந்தா, அந்த மாடி வீட்டு கேட்டு நம்ம வேலைண்ணே. இந்தா, இந்த மருந்துக்கடை கிரில்லும் நம்மதுதான். ரோஸ் பெயிண்ட அடிச்சு அசிங்கம் பண்ணிப்புட்டாய்ங்க!" தான் செய்த கேட்டைக் கடக்கும்போது, சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் லேசாகக் கையையும் அசைப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. சட்டைப் பித்தான் திறந்திருக்கும் இடத்தில் மட்டும் தோல் சூளைச் செங்கல் நிறத்துக்கு வெந்திருக்கும். அவரிடம் சிரிப்பு முதலில் வரும், விஷயம் பிறகு வரும். சில நாள் சிரிப்போடு நின்றுவிடும், விஷயம் வரவே வராது. எங்கள் தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை அவருடையது. இருபது வயதிலிருந்து படுக்கையும் அங்கேயே, ஒரு மர பெஞ்சில். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "இரும்போட இரும்பு ஒட்டுனாப் போதும்ணே, நம்மளோட எதுவும் ஒட்ட வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

ஒட்டிவிட்டது. ராமக்காள் மாட்டுத்தாவணியில் மல்லிகை வியாபாரம் செய்கிறவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளைக் கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். கடையில் உட்காரும் இரும்பு ஸ்டூலின் கால் விட்டுப்போனதென்று ஒருநாள் பட்டறைக்கு வந்தார். மொக்கையன் பற்றவைத்த எதுவும் இந்த வட்டாரத்தில் விட்டதாக வரலாறு இல்லை. அந்த ஸ்டூலின் கால் மட்டும் வாராவாரம் விட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ராமக்காள்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "ஏங்க, ஸ்டூலு சரியில்லையா, ஆளு சரியில்லையா?"

மொக்கையன் சிரிக்கக்கூட மறந்து நின்றாராம். அப்புறம் ராமக்காளின் மகளே முன்னால் நின்று பேசி முடித்தாள்.

தாலிகட்டுக்கு முந்தின நாள் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். "பெஞ்சுல எல்லாம் நம்மளால படுக்க முடியாது" என்று ராமக்காள் சொல்லியிருந்தார். கடையில் போய்க் கட்டில் வாங்கினால் வெல்டருக்கு மானம் போய்விடும் அல்லவா? மொக்கையன் தானே செய்யத் தொடங்கினார். தலைமாட்டில் தோகை விரித்த மயில். கால்மாட்டில் மல்லிகைக் கொடி. சட்டங்களெல்லாம் தயார், கால்களைப் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி. அன்று காலை பார்த்து மெஷின் படுத்துவிட்டது.

படுத்துவிட்டது என்றால் அடியோடு அல்ல. அடுப்பங்கரை அலமாரி உயரத்துக்கு நிற்கும் அந்தப் பழைய மெஷின் வழக்கம்போல் ரீங்காரம் போட்டது. ஆனால் வெல்டிங் ராடை இரும்பில் உரசினால் பொறி பறப்பதற்குப் பதிலாக ராடு அப்படியே ஒட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடி உரசினால் சோம்பலாக ஒரு வெளிச்சம் வந்தது. உருகிய உலோகம் உள்ளே இறங்காமல் காக்கா எச்சம்போல் மேலாகவே உட்கார்ந்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார், கால் கழன்று விழுந்தது.

"என்னா மாப்ள?" என்று பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து முகமது யாசீன் எட்டிப்பார்த்தார். இருவரும் சின்ன வயதுச் சேக்காளிகள்.

"பவரு கம்மியா இருக்குடா."

யாசீன் தெருவே கேட்கும்படி குரலை உயர்த்தினார். "நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு, இன்னிக்கு வந்து பவரு கம்மிங்கிறியே மாப்ள!"

டீக்கடையில் ஒருவருக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் வேலை பார்க்கவில்லை.

மொக்கையன் கரண்டைக் கூட்டும் சக்கரத்தைக் கடைசிவரை திருகினார். பயனில்லை. பந்தலுக்குப் போட்ட சீரியல் பல்புகள் கரண்டை இழுக்கின்றனவோ என்று அவற்றை அணைத்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். உள்ளே வருகிற கரண்ட் சரியாகத்தான் இருந்தது. மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்தார். உள்ளே கம்பிச்சுருள் கருகிய வாடை இல்லை. யாசீன் தன் கடையின் காற்றுக் குழாயை இழுத்துவந்து உள்ளே அடிக்க, பல வருடத்துத் தூசி கிளம்பி மாப்பிள்ளை தலையில் இறங்கியது. "இப்பத்தான் வயசுக்கேத்த மாதிரி இருக்க" என்றார் யாசீன். மொக்கையன் நட்டுகளை முறுக்கினார். எர்த் கவ்வியை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். மறுபடி போட்டார். ராடு மறுபடி ஒட்டியது.

"விடு மாப்ள, புது மெஷின் ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டு வாரேன்."

"வேணாம். என் கட்டிலு என் மெஷின்லதான்."

மொக்கையன் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கட்டில் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, எதிரே நின்ற எனக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "நெசமாச் சொல்றேன்டா யாசீன், எனக்குப் பயமா இருக்கு. ஒரு கட்டிலுக்குக் காலு வைக்க முடியல. இம்புட்டு வயசுக்கு மேல ஒரு பொம்பளைய வச்சுக் காப்பாத்தப் போறேனாக்கும். பேசாம வேணாம்னு சொல்லிருவமா?"

யாசீன் தன் கடைக்குள் போய் போனை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் ராமக்காள் வந்து இறங்கினார். கன்னத்தில் நலங்கு மஞ்சள், கை நிறைய மருதாணிச் சிவப்பு. கல்யாணப் பெண் முந்தின நாள் தெருவில் இறங்கலாமா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

"வேணாம்னு சொன்னீகளாமே?"

மொக்கையன் எழுந்து நின்றார். தலையிலிருந்து தூசி கொட்டியது. "இல்ல... மெஷினுதான்..."

"நான் மெஷினையா கட்டிக்கிறப் போறேன்? நீங்க கட்டில் செய்யலேன்னா தரையில பாய விரிச்சுப் படுப்போம். அதுக்காக என்னைய வேணாம்பீகளா?" கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அது கெஞ்சலாகியிருந்தது.

"சத்தியமா இல்லைங்க" என்றார் மொக்கையன், பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"சரி. என்னா செய்யுதுன்னு காட்டுங்க."

மொக்கையன் ராடை உரசிக் காட்டினார். ஒட்டியது. பிடுங்கினார், உரசினார், மறுபடி ஒட்டியது. ராமக்காளின் காலடியில் கேபிள் சுருண்டு கிடந்தது. அதைத் தூக்கி ஓரமாகப் போடக் குனிந்தவர், கையை வெடுக்கென்று எடுத்தார்.

"ஏங்க, இந்த எடம் மட்டும் ஏன் இப்புடிச் சுடுது?"

கேபிளின் நடுவே கறுப்பு டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சில்லென்றிருக்க, டேப் சுற்றிய இடம் மட்டும் கொதித்தது. "பூ மூட்டை இப்புடிச் சுட்டா, உள்ள அவிஞ்சுருச்சுன்னு அர்த்தம்" என்றார் ராமக்காள்.

மொக்கையன் மெயினை அணைத்துவிட்டு டேப்பைக் கிழித்தார். இரண்டு கேபிள்களைச் சேர்க்கும் போல்ட் உள்ளே தொளதொளவென்று ஆடியது. செம்புக் கம்பிகள் கருத்துப் பொரிந்து, பாதி அற்றுப்போயிருந்தன. வந்த கரண்டெல்லாம் அந்த இடத்திலேயே சூடாகித் தீர்ந்துவிட்டால் ராடுக்கு என்ன மிஞ்சும்?

"எந்தப் பய போட்ட ஜாயிண்ட்டுடா இது?" என்று துள்ளினார் யாசீன்.

மொக்கையன் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்தது.

"நாந்தான். இவுக சரின்னு சொன்ன அன்னைக்குப் போட்டது. கை ஸ்பானர்ல நிக்கல."

முதலில் சிரித்தது ராமக்காள்தான். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. யாசீன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டீக்கடை சிரித்தது, மாடிகள் சிரித்தன, எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மொக்கையனும் சிரித்தார்; இந்த முறை பாதியில் நிற்கவில்லை.

கருகிய கம்பியை வெட்டி எறிந்து, பளிச்சென்ற செம்பு தெரியச் சுரண்டி, புது போல்ட் போட்டு, இரண்டு கையாலும் முறுக்கினார். மெயினைப் போட்டார். உரசினார். சடசடவென்று நீல வெளிச்சம் வெடித்து, பொறிகள் பட்டறை வாசல்வரை ஓடின. தெரு கைதட்டியது.

"நானும் பாக்கணுமே" என்றார் ராமக்காள்.

"கண்ணு போயிருங்க. வெறுங்கண்ணால பாக்கக் கூடாது."

பட்டறையில் இருந்தது ஒரே ஒரு கை ஷீல்டு, நடுவில் உள்ளங்கை அகலக் கறுப்புக் கண்ணாடி. ராமக்காள் யோசிக்கவில்லை. கட்டில் காலருகே மொக்கையனை ஒட்டிக் குந்தி, அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்த ஷீல்டுக்குப் பின்னால் தன் முகத்தையும் நுழைத்துக்கொண்டார். நாங்கள் கண்களை மூடிக்கொண்டோம். இமைக்குள்ளும் நீலம் துடித்தது. ராடு தீர்ந்தது, சத்தம் நின்றது, கண்ணைத் திறந்தோம். வெளிச்சம் அணைந்துவிட்டிருந்தது. ஷீல்டு மட்டும் இறங்கவில்லை.