பதினெட்டு மில்லிமீட்டர்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘வட்டக்காரி’ என்று பெயர். கிருமி வளர்த்த தட்டில் குழி தோண்டி, அதில் மூலிகைச் சாற்றை விட்டு, கிருமி செத்த இடத்தில் விழும் வெற்று வட்டத்தை அளப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. இலைகளின் பெருமையை இத்தனை கட்டுரைகளுக்கு அளந்து கொடுத்தவள், தலைவலி வந்தால் மாத்திரைதான் போடுவாள்.

கணவர் பேருந்து ஓட்டுநர், சர்க்கரைக்காரர். இடது பெருவிரலுக்கடியில் செருப்பு கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. ஒருநாள் காலுறையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே அரைத்த கொய்யா இலை.

“என்னங்க இது?”

“கொய்யா இலைக்கு வட்டம் பதினெட்டு மில்லிமீட்டர்னு நீதானே சொன்னே? உன் ஆராய்ச்சியை நானே நம்புறேன், உனக்கென்ன?”

“அது ஆல்கஹால்ல மூணு நாள் ஊறவெச்சு, வடிகட்டி, வத்தவெச்சது. இது நீங்க மிக்ஸியில போட்டது.”

“இலை ஒண்ணுதானே? ஆஸ்பத்திரிக்குப் போனா விரலை எடுத்துடுவாங்க. நான் வரமாட்டேன்.”

வாய்ச்சண்டையில் அவரை ஜெயிக்க முடியாது. பயணிகளிடம் பழகிய வாய். அவள் குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்த விழுதை வழித்துச் சீசாவில் அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

“புது மாதிரியா, வட்டக்காரி?” என்றார் துறைத்தலைவர்.

“வீட்டு மாதிரி சார். கட்டுரையில சேர்த்துடாதீங்க.”

ஒரே தட்டில் இரண்டு குழி. ஒன்றில் ஆய்வுக்கூடத்துச் சாறு, மற்றதில் கணவரின் கைப்பக்குவம். தட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் மறுநாள் காலை, விந்தி விந்தி நடந்த கணவரையே உள்ளே கூட்டிவந்தாள்.

ஒரு குழியைச் சுற்றிப் பளிச்சென்று வட்டம். மற்றதைச் சுற்றி ஒன்றுமில்லை.

“என்னோடது எவ்வளவு?”

“சைபர்.”

“சரியா அளந்தியா?”

“அளக்க ஏதாவது இருந்தாத்தானே?”

அவர் குனிந்து பார்த்தார். “ஓரத்துல மஞ்சளா ஏதோ புள்ளி புள்ளியா இருக்கே?”

“அது வேற கிருமி. இந்தத் தட்டுல நாங்க விடலை. உங்க விழுதுல வந்தது. புண்ணுக்கு மருந்துன்னு நினைச்சுக் கிருமியைக் குடித்தனம் வெச்சிருக்கீங்க.”

ஓட்டுநர் நிமிர்ந்து, தன் இடது காலைப் பார்த்தார். பிறகு, “டிப்போவுல லீவு சொல்லணும்” என்றார்.

“சொல்லியாச்சு. பத்தரைக்கு ஆஸ்பத்திரியில டோக்கன்.”

மருத்துவர் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். “விரல் தப்பிக்கும். ஆனா இன்னும் கொஞ்சநாள் கழிச்சு வந்திருந்தா இதைச் சொல்லியிருக்க மாட்டேன். தினமும் கட்டு மாத்தணும். யார் மாத்துவீங்க?”

“இவதான்” என்றார் ஓட்டுநர், பல்லைக் கடித்துக்கொண்டு. “என்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க டாக்டர்.”