நாலு லேப்டாப்பும் ஒரு பை பனியன் வேஸ்ட்டும்

கையில எடுத்தா மெத்துனு இருக்கும்… லேசா மிஷின் ஆயில் வாடை அடிக்கும். பச்சை, ரோஸ், மஞ்சள்னு திருப்பூர் கட்டிங்ல மிஞ்சுன துணித்துண்டு. பனியன் வேஸ்ட்!

நம்ம பக்கம் பட்டறையில வேலை பாத்தவங்களுக்கு சொல்லவே வேண்டாம். கை துடைக்கவும் அதுதான், மிஷின் துடைக்கவும் அதுதான். நான் முதமுதல்ல ப்ளேன் ஏறுனப்ப என் பை நெறைய அதுதானுங்க இருந்துச்சு.

அப்ப கோயமுத்தூர் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு சின்ன கம்பெனியில இருந்தேன். மொத்தமே ஏழு பேரு. மில்லுல நூல் ஓடும்போது எங்க தடிச்சிருக்கு, எங்க மெலிஞ்சிருக்குன்னு கண்டுபுடிக்கற சென்சார் பண்ணிட்டிருந்தோம். தீப்பெட்டியவிட கொஞ்சம் பெருசு. நடுவுல ஒரு சந்து, அதுக்குள்ள குட்டியா ஒரு கண்ணாடி. நூல் அந்த சந்து வழியா ஓடும்.

ப்ரோக்ராம் எழுதறது நானு. சால்டரிங் எல்லாம் சாதிக் பாய். கோட்டைமேட்டுக்காரரு. ஒரு போர்டு ஓடலைன்னா மீட்டரை எடுக்க மாட்டாரு, முதல்ல மூக்குகிட்ட வெச்சு மோந்து பாப்பாரு… கருகுன வாடை வருதான்னு!

அகமதாபாத்ல ஒரு பெரிய மில்லு டெமோ கேட்டுச்சு. ஓனர் என்கிட்ட ஒடச்சே சொல்லிப்போட்டாரு.

"இது ஓடுச்சுன்னா கம்பெனி நிக்கும் அம்மணி. இல்லீன்னா மூடிப்போட்டு ஆளுக்கொரு வேலை தேடிக்க வேண்டியதுதான்."

நானும் பாயும் போறதுன்னு முடிவாச்சு.

நாலு சென்சார், ஒவ்வொண்ணுக்கும் ஒரு லேப்டாப். அந்தக் காலத்து லேப்டாப், செங்கல்லாட்டம் கனம். லக்கேஜ்ல போட்டா தூக்கி வீசிருவாங்கன்னு யாரோ கெளப்பி உட்டுட்டாங்க. அதனால அத்தனையும் கைப்பையிலதான். ஆளுக்கு ஏழு கிலோன்னு கணக்கு வேற… பாய் சார்ஜரை எல்லாம் பேன்ட் பாக்கெட்ல திணிச்சுக்கிட்டாரு. நடக்க நடக்க ரெண்டு தொடையிலயும் டொக்கு டொக்குன்னு இடிக்குது.

கெளம்பற அன்னிக்கு ஓனரோட சம்சாரம் மலரக்கா தட்டோட வந்துட்டாங்க. பட்டறைய விட்டு ஒரு மிஷின் வெளிய போகுதுன்னா பொட்டு வெக்காம உடுவோமுங்களா? சந்தனம் கொழைச்சு லேப்டாப்புக்கு நாலு பொட்டு, சென்சாருக்கு நாலு பொட்டு. பாய் அவரு பங்குக்கு ஒரு பிஸ்மில்லா. அப்படியே பனியன் வேஸ்ட்ல சுத்தி, மேல சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுனோம்.

ஏர்போர்ட்ல செக்யூரிட்டிகாரரு எல்லாத்தையும் வெளிய எடுத்து தனித்தனி ட்ரேயில வைக்கச் சொன்னாரு. பாய் போட்ட முடிச்சு… அவருக்கே அவுக்க வரலை! கடைசியா ஒண்ணு அவுந்து, பனியன் வேஸ்ட் பொசுக்குன்னு தரையெல்லாம் கொட்டிருச்சு.

பின்னாடி நின்ன பெரியவரு, "ஏனுங்க, இங்கயே கடை போடறீங்களா?"ன்னாரு. கியூவே சிரிச்சுது. ஆனா அவருதான் குனிஞ்சு பாதிய பொறுக்கியும் குடுத்தாரு.

எக்ஸ்ரே மிஷினுக்குள்ள சென்சாரை மட்டும் உட்டுராதீங்கன்னு பாய்கிட்ட படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தேன். அவங்க கேட்டாங்கன்னு மனுசன் பவ்யமா எடுத்துக் குடுத்துட்டாரு.

மறுநாள் மில்லுல எல்லாத்தையும் பிரிச்சு மாட்டுனோம். ஒரு கீறல் இல்ல. நூலை ஓட்டுனா… நாலு ஸ்க்ரீன்லயும் வெறும் நேர்கோடு. நூல் ஓடறதே அதுக்குத் தெரியலை. மேனேஜர் வாட்சைப் பாக்கறாரு. நான் ஒயரை எல்லாம் புடுங்கிப் புடுங்கி மாட்டறேன்.

ஆத்திரத்துல பாய் மேல பாஞ்சேன். "சொன்னேன்ல? எக்ஸ்ரேல உட்டு கொன்னுபோட்டீங்க! எல்லாம் போச்சு!"

அத்தனை பேரு முன்னால. அவரு மிஷின்கிட்ட குனிஞ்சாரு. சென்சாரை எடுத்து மூக்குகிட்ட வெச்சாரு. இழுத்து ஒரு மோப்பம்… மொகம் மாறுது.

"கருகலைங்க அம்மணி… சந்தனம் மணக்குது."

அட சாமி! மலரக்கா சரியா அந்த சந்து மேலயே பொட்டை வெச்சிருக்காங்க. மேல இருந்தது துணியில தொடைச்சிக்கிச்சு. உள்ள எறங்குனது கண்ணாடியில காஞ்சு ஒட்டியிருக்கு. நாலுலயும்!

டீ கொண்டுவந்தவருகிட்ட சைகையிலயே சுடுதண்ணி கேட்டு வாங்கி, பனியன் வேஸ்ட் நுனிய திரியாட்டம் திரிச்சு, பாய் துடைச்சாரு துடைச்சாரு… மறுபடி ஓட்டுனா கோடு மேலயும் கீழயும் துள்ளுது. நான் அங்கயே அழுதுபோட்டேன். ஆர்டர் கெடைச்சிருச்சுங்க.

ஊருக்கு வந்ததும் மலரக்கா வாசல்லயே புடிச்சுக்கிட்டாங்க. "நல்லா ஓடுச்சா கண்ணு?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பாய் முந்திக்கிட்டாரு. "உங்க பொட்டு வெச்ச நேரமுங்க அக்கா, ஜம்முனு ஓடுச்சு."

அக்காவுக்கு அவ்வளவு பூரிப்பு. இன்னிவரைக்கும் அவங்களுக்கு விஷயம் தெரியாது. ஃபேஸ்புக்ல அவங்க இல்லைங்கற தைரியத்துலதான் இதை எழுதறேன், யாரும் போட்டுக் குடுத்துராதீங்க!

இப்ப நான் வேற கம்பெனி. ஃபோம் வெட்டுன பொட்டி, ஒவ்வொரு லேப்டாப்புக்கும் அளவா ஒரு குழி, செக்யூரிட்டியில ரெண்டே நிமிஷம். ஆனா டெமோவுல எதாச்சும் நின்னா போதும், நாங்க ஓட்டல் போய்ச் சேர்றதுக்குள்ள யாரு தப்புன்னு மெயில் வந்துரும், பத்து பேருக்கு காப்பியோட. நானே அப்படி ரெண்டு மூணு அனுப்பியிருக்கேன். அனுப்பிப்போட்டு நல்லாவும் தூங்கியிருக்கேன்.

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேந்த ஒரு சின்னப் புள்ளைய அப்படி மாட்டி உடலாம்னு மெயில் அடிச்சு முடிச்சேன். என்னமோ தோணி, அனுப்பாம அழிச்சுட்டேன்.

பாய், நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். அந்த மில்லுல அத்தனை பேரு முன்னால உங்களைப் பாத்து கத்துனதுக்கு நான் இன்னும் மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நீங்களும் ஒருநாள்கூட சொல்லிக் காட்டலை.

மன்னிச்சிருங்க பாய்.