ஆளில்லாத இடத்துக்கு ஒரு பாஸ்

மசாஜ் மேசையில் படுத்தால் அவருக்குக் கால் நிற்காது. நான் இடது தொடையை அழுத்திக்கொண்டிருப்பேன், வலது பாதம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அசையாமல் இருங்கள் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் இருப்பார். பிறகு அது மறுபடியும் ஆடத் தொடங்கும். முழங்கையை ஊன்றி எழுந்து, "முடிந்ததா?" என்பார். பாதிகூட முடிந்திருக்காது.

துபாயிலிருந்து வடக்கே போகும் சாலையில் ஒரு சிறிய ஊர். அங்கே இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் ஒரு கால்பந்து கிளப்பில் நான் ஃபிசியோவாக இருந்தேன். சீசனுக்கு ஓரிரு வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கூட்டிவருவார்கள். அந்த வருஷம் வந்தவர் செக் நாட்டுக்காரர். மிட்ஃபீல்டர். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நெற்றிக்கு மேலே முடி இல்லை. வயிற்றில் ஒரு மடிப்பும் இல்லை.

கிளப்பில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள் கிட் ரூமைப் பார்த்துக்கொண்டவர். ஜெர்சி, பூட், பந்து எல்லாம் அவர் பொறுப்பு. கீழக்கரைக்காரர். என்னைவிட மூத்தவர், அதனால் அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வந்த முதல் வாரத்திலேயே செக்காரருக்குப் பெயர் வைத்துவிட்டார்.

"செக்குன்னா செக்கு மாடுதான் தம்பி. பாருங்க, நின்ன எடத்துல நிக்கிறாகளா? கிரவுண்ட சுத்தி சுத்தி வாராக."

செக்காரரின் ஆட்ட வாழ்க்கையை நான் உடம்பின் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். எந்தத் தழும்பில் கை வைத்தாலும் ஒரு ஊர் வரும். பிறந்தது கண்ணாடித் தொழிற்சாலை இருக்கும் ஒரு சின்ன ஊரில். அப்பா உலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் தலைநகரத்துக் கிளப் கூட்டிக்கொண்டு போனது. இடது கணுக்கால் ஜெர்மனி. உறைந்து கிடந்த மைதானத்தில் திரும்பியது, பிறகு முழுசாகச் சரியாகவே இல்லை. புருவத்து வெட்டு கிரீஸ். வலது முழங்காலில் நீளமாக ஓடிய அறுவைத் தழும்பு துருக்கி. அந்த முழங்கால் கெட்டுப்போன அதே கோடையில்தான் நாட்டு அணி ஒரு பெரிய தொடருக்குப் புறப்பட்டது. அதற்கு முன்னால் அவர் அந்த ஜெர்சியைச் சில நட்பு ஆட்டங்களில் போட்டிருந்தார், எல்லாம் கடைசி நிமிடங்களில். பிறகு சைப்ரஸ், கஜகஸ்தான், மறுபடியும் கிரீஸ். மகள் பள்ளிக்கூடம் போகும்வரை மனைவி கூடவே வந்தாராம். பிறகு, "நீ போ, நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். கோபமாக இல்லை, களைப்பாகச் சொன்னார் என்றார்.

"ஊருக்குப் போவீர்கள்தானே?"

"போவேன். இரண்டாவது வாரம் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்."

எனக்கு அது புரிந்தது. குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன் நான். கல்லூரி அணியில் லெஃப்ட் பேக் ஆடியிருக்கிறேன். இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் வந்தேன். மனைவி நாகர்கோவிலில் ஆசிரியை. லீவுக்குப் போனால் முதல் சில நாள் நன்றாக இருக்கும். அப்புறம் அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். "ஒங்களுக்கு இங்க இருப்பு கொள்ளாது. அங்க போனா மட்டும் கொள்ளுமா?" என்று அவள் கேட்பாள். நான் டிவியைப் போட்டுவிடுவேன்.

சீசனின் நடுவில் கோச்சை மாற்றினார்கள். புதிதாக வந்தவருக்கு ஓர் இளம் ஸ்ட்ரைக்கர் வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆளுக்கு அணியில் இருக்கும் இடங்கள் குறைவு. ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும்.

அன்று மத்தியானம் செக்காரர் வழக்கம்போல வந்து மேசையில் படுத்தார். நான் தொடையில் கை வைத்தேன். சிறிது நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அந்த வலது பாதம் ஆடவில்லை. காக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தமிழில் பேசினார்.

"தம்பி, அவுக லாக்கர காலி பண்ணச் சொல்லி ஆபிஸ்ல சொல்லிட்டாக. நா எப்புடிப் போயி சாமான எடுக்கிறது? நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

செக்காரர் கண்ணைத் திறக்காமலே, "கலாஸ்" என்றார். முடிந்தது என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் அரபுச் சொல். தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. "அவரை எடுக்கச் சொல். நான் எழுந்தால் எல்லோரையும் பார்க்க வேண்டியிருக்கும். நீ வேலையை முடி."

நான் முடித்தேன். அதுவரை அவர் அசையவே இல்லை.

அவர் ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. துபாயில் சத்வா பகுதியில் தையல் கடைகளுக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டு தங்கினார். ஏஜென்ட் வேறு கிளப்புகளிடம் பேசிக்கொண்டிருந்தார். பதில் வரும்வரை உடம்பை விடக் கூடாது. காலையில் தெருவில் ஓடினார். அறையில் தண்ணீர்க் கேன்களைத் தூக்கினார். கீழேயிருந்த தையல்காரர் மேலே வந்து சத்தம் போட்டாராம். எனக்கு ஒரு நாளைக்குப் பலமுறை போன் செய்வார். "எங்கேயாவது ஒரு ஆட்டம் பார்த்துக் கொடு. யார் ஆடினாலும் சரி. பந்து இல்லாமல் என்னால் முடியவில்லை."

காக்காவுக்குத் தெரிந்த ஓர் அணி இருந்தது. அல் கூஸில் வரிசையாகக் கிட்டங்கிகள், அவற்றுக்குப் பின்னால் லேபர் கேம்ப், கேம்புக்கும் லாரி நிறுத்தத்துக்கும் நடுவே மண் தரை. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கேம்ப் ஆட்கள் ஆடுவார்கள். அணிக்குத் தலைவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், கட்டடங்களில் சாரம் கட்டும் வேலை. பதினான்கு வருஷமாக அதே கம்பெனி. கெட்டியான உடம்பு, சன்னமான குரல்.

நாங்கள் மூவரும் காரில் போய் இறங்கினோம். இவர் யார் என்று காக்கா சொல்லவில்லை. "வெள்ளக்காரரு, ஆட ஆசப்படுறாரு" என்றார், அவ்வளவுதான். பந்து காலுக்கு வந்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த மண்ணில் பந்து எப்படி எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அவர் காலில் பட்டதும் படுத்துக்கொண்டது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

அரை மணி நேரத்தில் கைதட்டல் நின்றுவிட்டது. அவர் கொடுத்த பாஸ் எதுவும் யாருக்கும் கிடைக்கவில்லை. தடுப்பவர்களுக்குப் பின்னால், ஒரு ஆள் ஓடிவந்து சேர வேண்டிய வெற்றிடத்துக்குப் பந்தை அனுப்புவார். ஆள் ஓடியிருக்க மாட்டான். பந்து போய் லாரிக்கு அடியில் கிடக்கும். அவர் கையை விரித்துக் கத்துவார். "யல்லா! ஓடு! ஏன் நிற்கிறாய்?" மறுபடியும் லாரி. மறுபடியும் கத்தல்.

சாரம் கட்டுபவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, அவர்ட்ட சொல்லுங்க. பந்த கால்ல குடுக்கச் சொல்லுங்க. ஆளில்லாத எடத்துக்கு அடிச்சா யாரு போயி எடுக்கிறது?"

சொன்னேன். "ஆள் அங்கே வர வேண்டும். அதற்காகத்தான் அங்கே அடிக்கிறேன்" என்றார் செக்காரர். அதைத் தமிழில் சொன்னேன்.

சாரம் கட்டுபவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆறு நாளும் அங்க ஓடு இங்க ஓடுன்னு ஃபோர்மேன் சொல்ற எடத்துக்குத்தான் ஓடுறோம்ண்ணே. இன்னைக்கு ஒருநாள் நாங்க பாட்டுக்கு நிக்கிறோம். அதையும் சொல்லுங்க."

அதையும் சொன்னேன். செக்காரர் என்னையே பார்த்தார், நான் ஏதோ தப்பாக மொழிபெயர்த்துவிட்டதைப்போல. பிறகு போய் எல்லைக்கோட்டுக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும்போது அவரைச் சத்வாவில் இறக்கிவிட்டோம். இனிமேல் வர மாட்டார் என்று காக்கா சொன்னார்.

அடுத்த வெள்ளி நாங்கள் போனபோது எங்களுக்கு முன்னாலேயே டாக்ஸி பிடித்து வந்து அங்கே கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பந்தைக் காலில்தான் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியும் அவ்வப்போது மறந்துபோய் ஒரு பந்து வெற்றிடத்துக்குப் போகும். ஒரு நாள் அப்படிப் போன பந்தைச் சாரம் கட்டுபவர் துரத்தி ஓடிப் பிடித்துக் கோல் அடித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் அங்கே பார்த்ததில் நல்ல ஆட்டம் அது.

பிறகு ஒரு விபரீதம் நடந்தது. ஏஜென்டிடமிருந்து பேச்சுமூச்சு இல்லாமல் வாரங்கள் போயிருந்தன. செக்காரரின் முகம் சுருங்கிக்கிடந்தது. அன்று அணியை இரண்டாகப் பிரித்து ஆடியபோது அவரும் சாரம் கட்டுபவரும் எதிரெதிர்ப் பக்கம். செக்காரரின் பக்கம் மூன்று கோல் பின்தங்கியிருந்தது. யாரும் கோல் எண்ணிக்கையைப் பெரிதாக நினைக்கவில்லை, அவரைத் தவிர. சாரம் கட்டுபவர் பந்தோடு திரும்பியபோது செக்காரர் பக்கவாட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து அவர் காலில் விழுந்தார். லீக் ஆட்டத்தில் அதற்கு மஞ்சள் அட்டை காட்டுவார்கள், ஆட்டம் தொடரும். மண்ணில் சாரம் கட்டுபவரின் கணுக்கால் உள்பக்கமாக மடிந்தது.

நான் ஓடிப்போய் அழுத்திப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை, தசைநார் இழுபட்டு நிமிஷத்தில் வீங்கிவிட்டது. சாரம் கட்டுபவர் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, நாளைக்கு மேல ஏற முடியுமா?"

முடியாது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். செக்காரர் பக்கத்தில் மண்டியிட்டு, "சாரி, பாய்... சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஃபோர்மேன் திட்டிவிட்டுச் சாரம் கட்டுபவரைக் கீழே ஸ்டோரில் உட்கார வைத்தாராம். டூட்டி முடிந்ததும் நான் கேம்புக்குப் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவதாக ஏற்பாடு. செக்காரர் தானும் வருவேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆறு பேர் இருக்கும் அறை. கீழ்க்கட்டிலில் சாரம் கட்டுபவர் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். செக்காரர் எதிர்க்கட்டிலில் குனிந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தால் மேல்கட்டில் இடிக்கும். ஐஸ் வைப்பதற்கும் கட்டுவதற்கும் அவரே உதவினார். பிறகு தன் ஷூவைக் கழற்றி, ஜெர்மனியில் திரும்பிய அந்தக் கணுக்காலைக் காட்டினார்.

"மழ வந்தா வலிக்குமான்னு கேளுங்கண்ணே" என்றார் சாரம் கட்டுபவர்.

கேட்டேன். "மழைக்கு முந்தின நாளே வலிக்கும்" என்றார் செக்காரர். அதைச் சொன்னதும் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள்.

டீ குடித்தபடி செக்காரர் கேட்டார்: "பதினான்கு வருஷமா? எப்போது ஊருக்குப் போவாய்?"

சாரம் கட்டுபவர் யோசித்துச் சொன்னார். "வீடு கட்டியாச்சு. புள்ள காலேஜ் போயிட்டா. இப்ப போனாலும் யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. போயிப் பாத்தேண்ணே, ஒரு வருஷம் இருக்கணும்னு. மூணு மாசத்துல கால் அரிக்க ஆரம்பிச்சிருச்சு. காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துரும். எந்திரிச்சு எங்க போறது? அங்க எனக்கு எங்கயும் ஏற வேண்டியது இல்ல."

நான் இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, செக்காரர் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். சாரம் கட்டுபவரின் நல்ல காலைப் பிடித்து லேசாக ஒரு முறை ஆட்டினார், ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரரின் தோளைத் தட்டுவார்களே, அதுபோல.

அந்தக் கால் தேறுவதற்கு முன்பே ஏஜென்டின் போன் வந்தது. ஜித்தாவுக்கு அருகில் ஒரு கிளப், ஆறு மாதக் கான்ட்ராக்ட். அவர் உடனே கிளம்பினார். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். "நீயும் வா. எனக்கு உன் கை பழகிவிட்டது" என்றார். என் விசா கிளப்பின் பேரில் இருக்கிறது, அப்படியெல்லாம் வர முடியாது என்றேன். விசா ஒரு காரணமே இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த ரமலானில் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போன காக்கா, ஜித்தாவின் ஷரஃபியா கடைத்தெருவில் அவரைப் பார்த்திருக்கிறார். "நம்ம ஆளுக ஓட்டல்ல உக்காந்து தோச சாப்புடுறாக தம்பி. சட்னிய தனியா கேட்டு வாங்குறாக. ஆட்டம் எப்புடின்னு கேட்டேன். 'மாஃபி, பெஞ்ச்'னு சொல்லிட்டு சிரிக்கிறாக." ஆட்டம் இல்லை, வெளியே பெஞ்சில்தான் உட்கார்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜித்தாவுக்குப் பிறகு பஹ்ரைனில் பாதி சீசன். கடைசியாகத் தன் ஊருக்குப் போய், கண்ணாடித் தொழிற்சாலை அணிக்கு ஒரு குளிர்காலம் ஆடினார். முழங்கால் அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டது. பெரிய விடைபெறுதல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. சாரம் கட்டுபவர் மறுபடியும் மேலே ஏறினார். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் இப்போது கோல்கீப்பராக நிற்கிறாராம்.

போன வருஷம் செக்காரர் துபாய் வழியாக எங்கோ போனார். இரண்டு விமானங்களுக்கு இடையில் காபி குடித்தோம். ஒரு ஏஜென்டுக்காக ஆட்டக்காரர்களைத் தேடும் வேலை. வாரத்துக்கு ஒரு நாடு. மெலிந்திருந்தார். மகளுக்குக் கல்யாணம் நடந்தது, அதற்குப் போயிருந்தேன், ஒரு மாதம் முழுக்க இருந்தேன் என்றார், சாதனை செய்தவரைப்போல. நான் ராஜினாமா கொடுத்துவிட்டேன், நாகர்கோவிலில் சொந்தமாக ஒரு கிளினிக் திறக்கப்போகிறேன் என்றேன்.

"நல்லது" என்றார். கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "எத்தனை மாதம் தாங்கும் என்று நினைக்கிறாய்?"

வாழ்நாள் முழுக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, விமானம் ஏறும் கேட் நம்பரைத் தேடிக்கொண்டு போனார்.

கிளினிக் நன்றாகத்தான் நடக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். மனைவி சாயந்தரம் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே இங்கே வந்து கணக்குப் பார்க்கிறாள். முந்தாநாள் தோகாவிலிருந்து பழைய சிநேகிதன் ஒருவன் கூப்பிட்டான். அங்கே ஒரு கிளப்புக்கு ஃபிசியோ வேண்டுமாம், ஒரே ஒரு சீசன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சாப்பிடும்போது, "என்ன, பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு தேடுதியளா?" என்று அவளாகவே கேட்டாள்.