ஹிஸ்டமின் துளி எழும்பாத நாள்

1. பன்னிரண்டு பூஜ்யங்கள்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கக் கட்டடத்தின் கூடத்தில் பன்னிரண்டு பெண்களுக்குத் தோல் அலர்ஜி டெஸ்ட் போட்டோம். பன்னிரண்டு பேரும் பட்டு நெய்கிறவர்கள். ஒருவர் கையிலும் ஒன்றும் எழும்பவில்லை. எங்கள் டாக்டர் மகிழ்ச்சியில் டீயை ஆறவிட்டார். நான் பன்னிரண்டு படிவங்களையும் வாங்கி, இரண்டு பெயர்களில் இனிஷியல் விட்டுப்போனதைச் சேர்த்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். முப்பத்து நான்கு வருட வேலையில் நான் செய்த பெரிய தவறு அந்தக் கையெழுத்துகள்தான். அதுவும் ரிட்டயர் ஆன பிறகு செய்தது.

அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஆய்வுக்கு என்னை ஃபீல்ட் சூப்பர்வைசராகக் கூப்பிட்டது எனக்கு இம்யூனாலஜி தெரியும் என்பதற்காக அல்ல. எந்தப் படிவத்தின் எந்தப் பிரதி எந்த ஃபைலுக்குப் போக வேண்டும் என்று தெரியும் என்பதற்காக.

ஆய்வின் கேள்வி நல்ல கேள்வி. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் அலர்ஜியும் குறைவாக இருப்பதை வெளிநாடுகளில் கவனித்திருக்கிறார்கள். சின்ன வயதிலேயே பலவகைக் கிருமிகளோடு பழகினால், எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது என்பது இப்போதைய கருத்து. இன்னொரு பக்கம், பட்டு நூலில் ஒட்டியிருக்கும் பசையின் தூசி சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பதும் தெரிந்த விஷயம். அப்படியானால் பிறந்ததிலிருந்து பட்டோடு இருப்பவர்களின் உடம்பு பழகிக்கொள்கிறதா, முரண்டு பிடிக்கிறதா? இதைப் பார்க்க, பக்கத்து மாகறல் கிராமத்தில் விவசாய வீடுகளையும் இங்கே நெசவு வீடுகளையும் எடுத்துக்கொண்டோம்.

"மேடம், இது பெரிய ஃபைண்டிங்," என்றார் டாக்டர். சென்னையிலிருந்து வருகிறவர், வயது முப்பத்தைந்துக்குள். "பொறந்ததுலேர்ந்து பட்டுத் தூசியிலயே இருக்காங்க. பாடி அக்செப்ட் பண்ணிடுச்சு. ஒருத்தருக்குக்கூட ரியாக்‌ஷன் இல்ல!"

நானும் தலையாட்டினேன்.

2. முதல் புள்ளி

இந்த டெஸ்ட் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முன்கையின் உள்பக்கம் பேனாவால் எண் போடுவோம். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ஒரு துளி. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கரப்பான் பூச்சி, பூஞ்சை, சீமைக்கருவேல மகரந்தம், கடைசியில் பட்டு. துளியின் மேல் லான்செட் என்ற சின்ன ஊசியால் லேசாகக் குத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால், ஒத்துக்கொள்ளாத பொருள் இருக்கும் இடத்தில் கொசு கடித்ததுபோல் தடிக்கும். அதை மில்லிமீட்டரில் அளப்போம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் இரண்டு புள்ளிகள் உண்டு. ஒன்று ஹிஸ்டமின், இரண்டு உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீருக்குத் தடிக்கக் கூடாது. ஹிஸ்டமினுக்குத் தடித்தே ஆக வேண்டும். அலர்ஜியின்போது உடம்பு தன் செல்களிலிருந்து கொட்டுகிற பொருளே ஹிஸ்டமின்தான். அதை நேராகக் கொடுத்தும் தோல் எழும்பவில்லை என்றால், அந்தக் கையில் அன்று வேறு எதைப் போட்டாலும் எழும்பாது. டெஸ்ட் செல்லாது. இது கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அதை மனப்பாடமாகச் சொல்வேன்.

திங்கட்கிழமை டேட்டாவை கம்ப்யூட்டரில் ஏற்றும்போதுதான் முதல் கட்டத்தைப் பார்த்தேன். ஹிஸ்டமின்: பூஜ்யம். அடுத்த தாள்: பூஜ்யம். பன்னிரண்டும் பூஜ்யம். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து மிக அழகாக இருந்தது.

காரணம் மூன்றுதான் இருக்க முடியும். மருந்து கெட்டிருக்கலாம், கை தவறியிருக்கலாம், அல்லது அவர்கள் அலர்ஜி மாத்திரை போட்டிருக்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து அதே புட்டியை எடுத்து என் கையில் ஒரு புள்ளி போடச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் தடித்து அரித்தது. மருந்து கெடவில்லை. குத்தியவள் எங்கள் டெக்னீஷியன் சகாயமேரி. இந்த கேம்ப்புக்கு முந்தைய நாள் மாகறலில் அதே கையால் எல்லாருக்கும் ஒழுங்காக எழும்ப வைத்தவள். கையும் தவறவில்லை. மிச்சம் மாத்திரை.

"ஏழு நாள் மாத்திரை எதுவும் போடலியான்னு கேட்டியா?"

"கேட்டேன் மேடம். மல்லிகாக்கா பக்கத்துலயே நின்னுக்கினு, 'அதெல்லாம் யாரும் போடலம்மா, இல்லைன்னு எழுதிக்கோ'ன்னாங்க. எழுதிட்டேன்."

"பன்னெண்டு பேருக்கும் மல்லிகாவா பதில் சொன்னா?"

"மத்தவங்க தலை ஆட்டுனாங்க மேடம்."

டாக்டரிடம் சொன்னேன். அவர் நம்ப விரும்பவில்லை. "பன்னெண்டு பேரும் ஒரே நாள் மாத்திரை போடுவாங்களா?"

"ஒரே தெரு, ஒரே மெடிக்கல் ஷாப் சார். போடுவாங்க."

மெயிலைத் திறந்து காட்டினார். "கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிட்டேனே மேடம்."

"வாபஸ் வாங்கறதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கும் சார். நான் நிரப்பித் தரேன்."

3. தறிக்குழி

மல்லிகாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அந்தத் தெருப் பெண்களை எங்கள் கேம்ப்புக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். கணவர் தறியை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி வேலைக்கு கம்பெனி வேனில் போய்வருகிறார். வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். அந்தத் தறி இப்போது அவளுடையது மட்டும்தான்.

நான் போனபோது நெய்துகொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. உக்காருங்க. காபி போடட்டா?"

தறியை நிறுத்தவில்லை. நான்கு வார்த்தை பேசுவாள், ஊடை நூலை நெருக்கும் பலகையை அடிப்பாள், அடுத்த நான்கு வார்த்தை பேசுவாள். வேலைப் பழக்கம் என்று நினைத்தேன். நடுவில் ஒரு இழை அறுந்தது. தறி நின்றது. அந்த அமைதியில் அவள் நெஞ்சில் ஒரு விசில் சத்தம் தெளிவாகக் கேட்டது. தறி ஓடும்வரை அது வெளியே கேட்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"இன்னா மாத்திரை மல்லிகா போட்டீங்க?"

"எந்த மாத்திரைக்கா?"

"வெள்ளையா, மஞ்சளா?"

சிரித்துவிட்டாள். "வெள்ளைக்கா. சின்னது. தும்மல் வந்தா போடுவோம். டெஸ்டுக்கு மொத நாளும் அன்னிக்குக் காலையிலயும் நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன். அந்தப் பொண்ணை ஒண்ணும் திட்டாதீங்க."

"ஏன் குடுத்த?"

"கை தடிச்சா, பட்டு ஒத்துக்கலன்னு எழுதுவீங்க. எங்க வீட்டுக்காரு ஏற்கனவே, 'உனுக்கு இன்னாத்துக்குத் தறி, நீயும் வேன்ல ஏறு'ன்னு சொல்லிக்கினுதான் இருக்காரு. நீங்க எழுதிக் குடுத்தா அன்னிக்கே தறியைப் பிரிச்சிடுவாரு. ஒவ்வொருத்தி வீட்லயும் ஒரு கதை இருக்குதுக்கா."

"மூச்சு வாங்குதே."

"வாங்குது. பத்து வருசமா வாங்குது. இன்னான்னு தெரியாம இருந்தா தறியில உக்காருவேன். தெரிஞ்சிட்டா எப்படிக்கா உக்காருவேன்?"

என்னிடம் இருந்த பதில் கையேட்டுப் பதில்தான். அதைச் சொன்னேன். "ரிசல்ட் ரகசியமா இருக்கும்."

"எங்க தெருவுலயா?" என்றாள்.

பிறகு எனக்குச் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். ரிசல்ட் தாளை அவள் கையில் மட்டும் தருவோம்; வைத்துக்கொள்வதும் கிழிப்பதும் அவள் இஷ்டம். ஏழு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும். வரமாட்டேன் என்றாலும் தவறில்லை. டெஸ்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் டாக்டர் நெஞ்சைப் பார்த்து இன்ஹேலர் தருவார்.

"பம்ப்பா? அது கடைசி ஸ்டேஜுல இருக்கறவங்களுக்கு இல்ல?"

"இல்ல. நீ முழுங்கற மாத்திரை தும்மலுக்கு. சுருங்கிப்போன மூச்சுக்குழாய்க்கு அது ஒண்ணும் பண்ணாது. வயித்துவலிக்கு நெத்தியில தைலம் தடவுன கதைதான்."

அறுந்த இழையை எடுத்து முடிந்துகொண்டே கேட்டாள். "பட்டுன்னே வந்துட்டா நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க?"

"தெரியல மல்லிகா," என்றேன்.

எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை சொல்லியே பழகிய வாய் என்னுடையது. இதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் இல்லை. அவள் முடிச்சை இறுக்கினாள். "சரி, வரேன்," என்றாள். முந்தைய பதில்கள் எதுவும் அவளை அசைக்கவில்லை. இது ஒன்றுதான் அசைத்தது.

4. ஏழு நாள் கழித்து

பதினோரு பேர் வந்தார்கள். ஒருத்தி வரவில்லை, அது அவள் உரிமை. இந்த முறை மாத்திரைக் கேள்வியை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து நானே கேட்டேன். கூடவே, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். ரிசல்ட் 'ஆம்' என்று வந்தால் உங்களுக்கு எது போகும்? பலர் சொன்ன பதில் ஒரே வார்த்தை: தறி. சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்கள்.

முதலில் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தோம். மூச்சுத்திணறலோடு இருப்பவருக்கு இந்த டெஸ்ட் போடக் கூடாது. ஒரு வாரம் இன்ஹேலர் எடுத்த மல்லிகா முன்பைவிட நன்றாக ஊதினாள். யாருக்காவது அலர்ஜி கடுமையானால் போடுவதற்கு அட்ரினலின் ஊசி டாக்டரின் மேஜை மேல் தயாராக இருந்தது. சகாயமேரி குத்தினாள்.

சில நிமிடங்களில் பதினோரு கைகளிலும் முதல் புள்ளி எழும்பத் தொடங்கியது. அந்தத் தடிப்புகளை நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். இனிமேல் இந்தக் கைகள் சொல்வதை நம்பலாம்.

மல்லிகா ஹிஸ்டமினைப் பார்க்கவில்லை. கடைசி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு, பட்டு. அரித்தாலும் சொறியக் கூடாது என்று சொல்லியிருந்ததால், இன்னொரு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிடம் ஆனது. ஏழு தட்டையாகவே இருந்தது. பன்னிரண்டு நிமிடம். அப்போதும் தட்டை. ஆனால் நான்கு வீங்கிக்கொண்டே போனது.

"அக்கா, பட்டு எழும்பல இல்ல?"

"எழும்பல."

"அப்போ இந்த நாலு இன்னாது? புளியங்கொட்டை சைசுக்கு வருது."

"கரப்பான் பூச்சி."

"இன்னாது?"

"அதோட எச்சம், உதிர்ந்த தோல், எல்லாம் பொடியாகித் தூசியில கலந்திருக்கும். அதைத்தான் உன் உடம்பு எதிரின்னு நினைச்சுச் சண்டை போடுது. அதான் மூச்சு வாங்குது."

"எங்க வீட்ல கரப்பான் பூச்சியே கெடையாதுக்கா!"

பக்கத்து நாற்காலியிலிருந்த ரேவதி விடவில்லை. முப்பது வயதுகூட ஆகாதவள், மல்லிகாவின் எதிர்வீடு. "ஆமா, தறிக்குழியில உன் காலு மேல நடந்துக்கினு இருக்கறது இன்னா, உங்க நாத்தனாரா?"

கூடமே சிரித்தது. மல்லிகாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி வருசமா பட்டு மேல பழி போட்டுக்கினு இருந்தேனே," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் புதிர் ஒன்றுமில்லை. குழி எப்போதும் இருட்டு. ஐப்பசி மழையில் சுவர் கசியும். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் மிச்சமும், உட்கார்ந்த இடத்திலேயே குடித்த டீயும், தின்ற முறுக்கின் தூளும் உள்ளே விழும். கரப்பான் பூச்சிக்கு இதைவிட நல்ல வீடு வேறு எது? அவள் நாள் முழுவதும் அந்தக் குழியின் மேல் குனிந்து மூச்சு இழுத்தாள். நோயைக் கொடுத்தது தறிக்கு அடியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே டெஸ்ட்டை, தறியைக் காப்பாற்றுவதற்காக அவளே வாயடைக்க வைத்துவிட்டாள். அதற்கு நானும் கையெழுத்துப் போட்டேன்.

மல்லிகாவே தாளைக் காட்டியதும், அந்த வாரமே கணவர் லீவு போட்டுவந்து குழியைக் காலி செய்தார். விரிசல்களை சிமென்ட் வைத்து அடைத்துப் பூசினார். "வேன்ல ஏறுன்னாரே, இப்ப குழியில எறங்கிட்டாரு" என்று மல்லிகா தெருவெல்லாம் சொன்னாள். டீயும் முறுக்கும் இப்போது தறிக்கு வெளியே. இன்ஹேலர் தினமும் உண்டு. ஆஸ்துமா போய்விடவில்லை, ஆனால் அடுத்த மழைக்காலத்தில் நான் போனபோது, தறி நின்ற பிறகும் விசில் கேட்கவில்லை.

5. ஓரத்தில் எழுதிய கேள்வி

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் அன்று ஒரு கையில் பட்டும் எழும்பியது. ரேவதியின் கையில். ரேவதி என்பது அவள் பெயரில்லை. மல்லிகா தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னாள், இவள் சொல்லவில்லை.

கூடம் சிரித்து ஓய்ந்தபோதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். நான் அளந்து, எழுதி, தாளை நான்காக மடித்து அவளிடம் கொடுத்தேன். டாக்டர் அவளோடு தனியாக வெகுநேரம் பேசினார். தூசி அதிகம் கிளம்பும் வேலை எது, மாஸ்க் எந்த அளவுக்கு உதவும், எதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நல்ல டாக்டர். பன்னிரண்டு பூஜ்யத்தை விட்டுக்கொடுக்க எல்லாருக்கும் மனது வராது.

வெளியே வந்த ரேவதியின் பக்கத்தில் மல்லிகா போய் நின்றாள். இன்னா வந்துச்சு என்று கேட்கவில்லை. "வா, போலாம்" என்று மட்டும் சொல்லி அவள் பையை வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒன்றாக நடந்து போனார்கள்.

அந்தப் பென்சில் கேள்வியைப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். இந்தத் தகவலை எந்தப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எத்திக்ஸ் கமிட்டி கேட்டது. "பகுப்பாய்வுக்கு அல்ல, விடையை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள" என்று பதில் எழுதினேன். மூன்று கடிதங்களுக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். 'இல்லை' என்ற விடை வந்தால், 'ஆம்' என்று சொல்ல அந்தக் கைக்கு வழி இருந்ததா என்று முதலில் பாருங்கள். தோலுக்கு ஹிஸ்டமின் துளி இருக்கிறது. ஆளுக்கு அப்படி ஒரு துளி கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ரேவதி இன்னும் தறியில் இருக்கிறாளா என்று எங்கள் அலுவலகத்திலேயே பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அது அவள் கையில் நான் மடித்துக் கொடுத்த தாள்.